ஓர் ஆண்டுக்குள் அடங்காத கொட்டாரம்

கட்டடக்கலை பயிலும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்



கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே, வேளிமலை அடிவாரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. சுற்றிலும் கருங்கல் கோட்டை. அதன் உட்பரப்பு சுமார் 185 ஏக்கர். அரண்மனை மட்டும் ஏறத்தாழ ஆறரை ஏக்கர். ஊர்க்காரர் வாயில் அது 'கொட்டாரம்'தான். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலை வந்ததும் பேருந்துகளில் கேட்பதும் அந்தச் சொல்தான்.

அரண்மனையைப் பார்க்க வரும் கல்லூரி மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்த ஆண்டில் யார் கட்டியது என்பது. கையேடுகள் பெரும்பாலும் 1601 என்றும், வேணாட்டு மன்னர் இரவிவர்மா குலசேகரப் பெருமாள் என்றும் பதில் தருகின்றன. அந்தப் பதில் பிழையல்ல. ஆனால் அது போதாது. 1601க்கு முன்பே எழுந்ததாகக் கருதப்படும் பகுதி இங்கே உண்டு. 1750இல் எழுந்த நான்கு நிலை மாளிகை உண்டு. அதற்குப் பின் வெளிநாட்டு விருந்தினருக்காக எழுந்த மாளிகையும் உண்டு. ஒரு வரைபடம் போட்டு, கால்கோள் விழா நடத்தி, குறிப்பிட்ட நாளில் கட்டி முடித்த அரண்மனை அன்று இது. தேவை வந்தபோதெல்லாம் ஒரு கூரை சேர்ந்தது. ஒரு முற்றம் திறந்தது. ஓர் இடைவழி இரண்டையும் இணைத்தது. ஆகவே இந்தக் கொட்டாரத்தின் கட்டட வரலாறு என்பது எந்தக் கூரை முன்னது, எது பின்னது, ஏன் வந்தது என்பதன் வரலாறு.

ஊரின் பழைய பெயர் கல்குளம். அரண்மனை இருக்கும் வட்டம் இன்றும் அந்தப் பெயரையே தாங்குகிறது. வேணாட்டு அரசர்கள் முன்பு அருகிலுள்ள திருவிதாங்கோட்டில் இருந்து ஆண்டார்கள். திருவிதாங்கூர் என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்தது. பின்னர் அரசிருக்கை கல்குளத்துக்கு மாறியது. இந்த இடத்தின் இயல்பு அரண்மனையின் உருவத்தைப் பெரிதும் தீர்மானித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் இருப்பதால் ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. மழை மிகுந்த ஊருக்குச் சரிந்த கூரை வேண்டும். நீண்ட இறவாரம் வேண்டும். நிலத்தின் ஈரம் ஏறாதபடி உயர்ந்த கல் அடித்தளம் வேண்டும். மலைக்காடுகள் தேக்கும் ஈட்டியும் கொடுத்தன. வீட்டுப் புறக்கடைகள் பலாவும் அயினியும் கொடுத்தன. மரம் தாராளமாகக் கிடைத்த நாட்டில் தச்சர் கை ஓங்கியது. கல்தச்சர் கைவண்ணம் சில இடங்களில் மட்டும் தெரிகிறது. அந்த இடங்கள் எவை என்பதும் இந்த வரலாற்றில் ஒரு தடயம்.

அரண்மனையின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். 16ஆம் நூற்றாண்டின் நடுவில், சுமார் 1550இல், அது எழுந்ததாகக் கருதப்படுகிறது. அமைப்பால் அது ஒரு நாலுகெட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம். அதன் நான்கு புறமும் அறைகள். நான்கு புறத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும். வசதியுள்ள குடும்பங்கள் அக்காலத்தில் கட்டிய வீட்டுக்கும் இந்த முதல் அரண்மனைக்கும் அமைப்பில் வேறுபாடு குறைவு. அரசர் வீடும் முதலில் ஒரு வீடாகவே இருந்தது என்பதை இந்தக் கட்டடம் தன் உருவத்தாலேயே சொல்கிறது.

தாய்க்கொட்டாரத்தின் ஒரு மூலையில் ஏகாந்த மண்டபம் இருக்கிறது. அதில் நிற்கும் தூண் முழுவதும் ஒரே பலாமரத்தில் செதுக்கியது. அடியிலிருந்து போதிகை வரை பூவும் கொடியுமாக நெருங்கிய வேலை. பலாமரத்தின் வைரப்பகுதி வெட்டிய புதிதில் மஞ்சள் நிறமாக இருக்கும். ஆண்டுகள் போகப் போக எண்ணெயும் புகையும் கைத்தடமும் ஏறிக் கருஞ்சிவப்பாக மாறும். அந்தத் தூணின் அருகில் நின்று மேலே பார்த்தால் போதிகையின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் கழுக்கோல்கள், அவற்றைக் கோத்து நிற்கும் வளை என்று கூரையின் பாரம் படிப்படியாக இறங்கும் வழி தெளிவாகத் தெரியும்.

இந்த மரவேலையின் கணக்கு கோல், விரல் என்ற அளவுகளில் நடந்தது. 24 விரல் ஒரு கோல். ஒரு வீட்டின் சுற்றளவை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து அறைகளின் நீள அகலங்களையும் தூண்களின் இடைவெளியையும் உத்தரத்தின் கனத்தையும் தச்சர் வருவித்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகை என்ற வடமொழி நூல் இத்தகைய வீட்டுக் கணக்குகளை விளக்குவது. மரத்துண்டுகளைத் தரையிலேயே அளந்து, அறுத்து, துளையிட்டு, பொருத்திப் பார்த்த பிறகே மேலே ஏற்றினார்கள். இணைப்புகளில் பெரும்பாலும் ஆணிக்கு இடமில்லை. நாக்கும் துளையும், மரமுளையும்தான். இதனால் பின்னாளில் ஒரு துண்டு உளுத்துப்போனால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடிந்தது. நானூறு ஆண்டுகளாக இந்த அரண்மனை நிற்பதற்கு அந்த ஏற்பாடு ஒரு முதன்மையான காரணம்.

1601இல் இரவிவர்மா குலசேகரப் பெருமாள் காலத்தில் இந்த வீடு அரண்மனையாக விரியத் தொடங்கியது. விரிந்த முறை கவனிக்கத் தக்கது. பழைய வீட்டை இடித்து அதே இடத்தில் பெரிதாகக் கட்டும் வழக்கம் இங்கே பின்பற்றப்படவில்லை. தாய்க்கொட்டாரத்தின் பக்கத்தில் இன்னொரு முற்றம், அதைச் சுற்றி இன்னொரு கட்டு என்று சேர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு கட்டும் தனக்கென ஒரு கூரை கொண்டது. இரண்டு கூரைகள் சந்திக்கும் இடங்களில் தரை மட்டம் மாறும், நாலு படி ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும், வாசல் குறுகும், தலை குனிய வேண்டியிருக்கும். பார்வையாளர்கள் இடைவழிகளில் அடிக்கடி ஏறி இறங்குவதற்குக் காரணம் இதுவே. ஒரு காலத்துக் கட்டடத்திலிருந்து இன்னொரு காலத்துக் கட்டடத்துக்குக் கடக்கும் எல்லைகள் அந்தப் படிகள்.

அரண்மனைக்குப் பேரரசின் தோற்றம் வந்தது மார்த்தாண்ட வர்மா காலத்தில். 1729 முதல் 1758 வரை ஆண்ட அவர் சிறிய வேணாட்டை வடக்கே விரித்துத் திருவிதாங்கூர் என்ற வலுவான அரசாக்கினார். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் கடற்கரைப் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை அவர் படை முறியடித்தது. குளச்சலிலிருந்து கல்குளம் ஒரு நாள் நடைத் தூரத்துக்குள் அடங்கும். கடல்வழி வரும் பகைவர் தலைநகரை எட்டிவிடலாம் என்ற அச்சம் அந்தப் போருக்குப் பின் கட்டடமாக உருவெடுத்தது. மண் கோட்டை இருந்த இடத்தில் கருங்கல் கோட்டை எழுந்தது. குளச்சலில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து, படைக்குப் பயிற்சி அளித்ததோடு கோட்டை வேலைகளுக்கும் துணை நின்றார். பக்கத்திலேயே உள்ள உதயகிரிக் கோட்டை அவர் பெயரோடு பிணைந்தது. 1777இல் இறந்த அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது.

1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் அரசைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்தார். அன்று முதல் மன்னர் 'பத்மநாப தாசர்'. ஆட்சி இறைவனுடையது, மன்னர் அவருடைய பணியாளர். கல்குளம் பத்மநாபபுரம் என்று பெயர் மாறியதும் இதே பக்தியின் பயன். அதே ஆண்டில் எழுந்த உப்பிரிகை மாளிகை இந்த ஒப்படைப்பை மரத்தில் எழுதிக் காட்டுகிறது எனலாம். உப்பிரிகை என்றால் மேல்மாடி. நான்கு நிலைகள் கொண்ட இந்தக் கட்டடத்தின் தரைத்தளம் கருவூலம். அதன் மேல் மன்னரின் படுக்கை அறை. அறுபதுக்கும் மேற்பட்ட மூலிகை மரத்துண்டுகளை இணைத்துச் செய்ததாகச் சொல்லப்படும் கட்டில் அங்கே இருக்கிறது. அதற்கும் மேல் மன்னர் நோன்பிருந்து தங்கும் இடம். உச்சித் தளம் பத்மநாப சுவாமிக்கு உரியது. அங்கே இறைவன் துயில்வதாக நம்பிக்கை. கட்டிலும் அணையா விளக்கும் உண்டு. சுவர்களில் பச்சிலை, மண் நிறங்களால் தீட்டிய ஓவியங்கள், அனந்தசயனக் காட்சி உட்பட. கீழே செல்வம், நடுவே மன்னர், மேலே இறைவன் என்ற வரிசை, திருவிதாங்கூர் அரசு தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதைத் தளம் தளமாக அடுக்கிக் காட்டுகிறது. ஓவியங்களின் பாதுகாப்புக் கருதி மேல்தளத்துக்குப் பொதுவாக அனுமதி இல்லை.

மார்த்தாண்ட வர்மா காலத்தின் இன்னொரு பெரிய சேர்க்கை நவராத்திரி மண்டபம். மரம் ஆளும் அரண்மனையில் இது மட்டும் கல்லின் அரசு. செதுக்கிய கருங்கல் தூண்கள் இரு வரிசையாக நிற்கின்றன. சுசீந்திரம், திருவட்டாறு கோயில்களின் மண்டபங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைவண்ணம் உடனே பிடிபடும். நாயக்கர் காலத் தமிழ்நாட்டுச் சிற்ப மரபு மலையடிவாரத்துத் தச்சு மரபோடு கைகோத்த இடம் இது. மண்டபத்தின் ஒரு கோடியில் சரஸ்வதி கோயில். ஒரு பக்கத்தில் மரச்சட்டங்களால் அடைத்த சிறு அறை. நவராத்திரி நாள்களில் நடக்கும் இசையையும் ஆட்டத்தையும் அரண்மனைப் பெண்கள் வெளியே தெரியாமல் அங்கிருந்து பார்ப்பார்கள். சட்டத்தில் உள்ள துளைகள் வெளியிலிருந்து சிறியவை. உள்ளே கண்ணை வைத்தால் மண்டபம் முழுவதும் தெரியும்.

இந்த மண்டபத்தின் தரையைப் பார்க்க மாணவர்கள் நேரம் ஒதுக்குவது நல்லது. கறுத்த கண்ணாடிபோல் தூண்களின் நிழலைத் திருப்பித் தரும் தரை அது. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, ஆற்று மணல், முட்டை வெள்ளைக்கரு, சில செடிகளின் சாறு ஆகியவற்றைக் கலந்து போட்டதாக மரபு சொல்கிறது. வேலையின் அடிப்படை விளங்கக்கூடியதே. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சிக் கல்லாக இறுகும். வெள்ளைக்கருவின் புரதம் பசையாக நின்று வெடிப்பைக் குறைக்கும். சிரட்டைக் கரி நிறம் கொடுக்கும். அவ்வளவும் சேர்ந்தாலும், வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்த கைகள் இல்லாமல் அந்தப் பளபளப்பு வராது. வெயில் கொளுத்தும் நேரத்திலும் வெறுங்காலுக்கு அது குளிர்ச்சி.

அரசு பெரிதானபோது அரசைக் காட்டும் இடங்களும் வேண்டியிருந்தன. இன்று பார்வையாளர் முதலில் நுழையும் பூமுகம் அப்படிப்பட்ட இடம். மன்னரைக் காண வந்தவர் காத்திருக்கும் முகப்பு இது. மேற்கூரைப் பலகையில் தாமரையும் பிற பூக்களுமாகத் தொண்ணூறு வடிவங்கள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. நடுவில் சங்கிலியில் தொங்கும் பித்தளைக் குதிரை விளக்கு; எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே நிலைத்து நிற்கும்படி எடை ஒத்துச் செய்தது. சீன வணிகர் கொடுத்த நாற்காலி, கருங்கல் கட்டில், ஓணத்துக்குக் குடிமக்கள் மன்னருக்குக் கொண்டுவந்த வண்ண ஓணவில்லுகள் ஆகியவையும் இங்கேயே வைக்கப்பட்டுள்ளன.

பூமுகத்தின் மேல் மாடி மந்திரசாலை. மன்னரும் அமைச்சர்களும் கூடிப் பேசிய அறை. அறையின் மூன்று பக்கமும் வெளிநோக்கி வளைந்த மரச்சட்டங்கள் அடுக்கடுக்காக உள்ளன. ஒவ்வொரு சட்டமும் சாய்ந்திருப்பதால் மழைச்சாரல் வெளியே வழியும். காற்று உள்ளே வரும். வெளிச்சம் தரையில் பட்டு மென்மையாகப் பரவும். கீழே நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். சில சாளரங்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண அபிரகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். மின்விசிறியும் குளிரூட்டியும் இல்லாத காலத்தில், மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் நாட்டில், ஓர் அறையை வசதியாக்குவது எப்படி என்ற கேள்விக்கு இந்தச் சட்டங்களே விடை. கூரையின் முக்கோண முகப்புகளில் விட்ட துளைகள் மேலே சேரும் சூட்டை வெளியேற்றுகின்றன.

அடுத்து நிற்பது மணிமாளிகை. எடைக்கல் இழுவிசையால் இயங்கும் அதன் கடிகாரம் உள்ளூர்க் கைவினைஞர் செய்தது என்பது மரபு. அரண்மனை தினசரி ஒழுங்கோடு இயங்கிய அலுவலகமாகவும் இருந்தது என்பதற்கு அந்த மணியோசை சாட்சி. அந்த ஒழுங்கின் அடுத்த சாட்சி ஊட்டுப்புரை. சுமார் 72 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட இரண்டு மாடிக் கூடம். ஒரு மாடியில் ஆயிரம் பேர் வீதம் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் இலை போட்டு உண்ண முடியும் என்று சொல்வார்கள். தாழ்ந்த கூரை, நீண்ட வெறும் தரை, வரிசையாக உட்கார இடம். அலங்காரம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஊறுகாய் வைத்த பெரிய சீனச் சாடிகள். உப்பிரிகை மாளிகையின் அறைகள் மன்னரின் தனிமைக்கு ஏற்பச் சிறியவை. அரண்மனையின் மிக நீண்ட கூடமோ பிறருக்குச் சோறு போடக் கட்டியது. அன்னதானம் அரசரின் கடமைகளில் ஒன்றாக இருந்த நாட்டில் அதற்கு அவ்வளவு இடம் ஒதுக்கினார்கள்.

தெருப்பக்கம் நீட்டி நிற்கும் அம்பாரி முகப்பு யானை மேல் வைக்கும் அம்பாரியின் வடிவம் கொண்ட மாடம். ஊர்வலத்தையும் தேரையும் மன்னர் அங்கிருந்து பார்ப்பார். வேம்பின் அருகே எழுந்ததால் வேப்பின்மூடு கொட்டாரம் என்று ஒரு பகுதிக்குப் பெயர். கடைசியாகச் சேர்ந்தவற்றுள் ஒன்று வெளிநாட்டு விருந்தினருக்கான இந்திர விலாசம். உயரமான கூரை, அகன்ற சாளரங்கள், பெரிய கதவுகள் என்று அதன் தோற்றமே வேறு. தாய்க்கொட்டாரத்தின் தாழ்வாரத்தில் குனிந்து வந்தவர் இந்திர விலாசத்தில் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள் கடந்திருக்கின்றன.

மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, தர்மராஜா என்று அறியப்பட்டவர், 1795இல் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். அதோடு பத்மநாபபுரத்தில் பெரிய கட்டட வேலைகள் ஓய்ந்தன. மரக் கட்டடத்துக்கு ஆள் நடமாட்டமே பாதி பராமரிப்பு. தினமும் தீ மூட்டும் வீட்டில் புகை கூரையில் ஏறிப் பூச்சியைத் தடுக்கும். தினமும் பெருக்கும் வீட்டில் கறையான் புற்று முதல் நாளே கண்ணில் படும். அரசர் போன பின் அந்தப் பாதுகாப்பு குறைந்தது. ஆனாலும் கொட்டாரம் கைவிடப்படவில்லை. சடங்குகள் அதைத் தொடர்ந்து பிடித்து வைத்தன. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையிலும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை பல்லக்கிலுமாகத் திருவனந்தபுரம் புறப்படும் வழக்கம் இன்றும் நடக்கிறது. கம்பர் வழிபட்டதாக மக்கள் நம்பும் சரஸ்வதி அது. புறப்பாட்டின்போது மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு இந்த அரண்மனையில்தான் நிகழ்கிறது.

1930களின் நடுவில், சித்திரைத் திருநாள் மன்னர் காலத்தில், திருவிதாங்கூர்த் தொல்லியல் துறை அரண்மனையை ஏற்றுப் பழுது பார்த்து அருங்காட்சியகமாக்கியது. கொட்டாரத்தின் கட்டட வரலாற்றில் இது சிறிய நிகழ்வு அன்று. அதுவரை சேர்ப்பதே வேலையாக இருந்தது. அதற்குப் பின் காப்பதே வேலை ஆயிற்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. ஊர் தமிழ்நாட்டில், அரண்மனையின் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அரண்மனை இடம் பெற்றது.

இன்றைய பாதுகாப்பு வேலை தச்சு வேலையின் தொடர்ச்சியே. கூரைகள் சந்திக்கும் பள்ளங்களில்தான் மழைநீர் தேங்கும்; அங்கேதான் முதலில் ஒழுகும்; ஒழுகிய இடத்தில்தான் கழுக்கோல் முதலில் உளுக்கும். ஓட்டைப் பிரித்து, கெட்ட துண்டைக் கழற்றி, அதே இன மரத்தில் அதே அளவில் புதிய துண்டை அறுத்து, அதே துளையில் பொருத்த வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த தச்சர் இருக்கும் வரை கொட்டாரம் இருக்கும். மாடிப் பலகைகளில் தினமும் நடக்கும் நூற்றுக்கணக்கான கால்களின் தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. சுவரில் பெயர் கிறுக்குவதும் தூணைச் சுரண்டுவதும் இந்த வேலையை இன்னும் கடினமாக்குகின்றன.

கட்டட வரலாறு படிக்க வரும் மாணவர் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். பார்வையாளர் நடக்கும் வரிசை வேறு. அரண்மனை எழுந்த வரிசை வேறு. வழிகாட்டும் பாதை பூமுகத்தில் தொடங்குகிறது. மிகப் பழைய தாய்க்கொட்டாரம் நடுவழியில்தான் வரும். அங்கிருந்து வரைபடத்தைத் தொடங்கி, ஒவ்வொரு முற்றமாக வெளியே நகர்ந்து, தரைமட்டம் மாறும் ஒவ்வொரு படியையும், கூரை கூரையோடு இணையும் ஒவ்வொரு பள்ளத்தையும் குறித்துக்கொண்டு போனால், 1550 முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை கொட்டாரம் வளர்ந்த வரிசை தாளில் தானே விழும். வரைபடம் முடியும்போது, யார் எப்போது கட்டினார்கள் என்ற கேள்விக்குப் பக்கத்தில் ஒரே ஓர் ஆண்டு இருக்காது. முற்றத்துக்கு ஒன்றாகப் பல ஆண்டுகள் இருக்கும். அவற்றின் கடைசியில், இந்த ஆண்டு மழைக்கு முன் மாற்றிய கழுக்கோலுக்கும் ஓர் இடம் உண்டு.

அன்புடன்,
கல்குளத்துக்காரர் ஒருவர்